வாசகர் கேள்விகள்: தீவுக்காரர்கள் போட்ட கேஸ்

கேள்வி: பருவநிலை மாற்றத்தைத் தடுங்கள் என்று குட்டிக்குட்டித் தீவு நாடுகள் ஐ.நா.வில் கத்துகின்றன. பெரிய நாடுகள் எதற்குக் காது கொடுக்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: கத்திக் கத்தி ஓய்ந்துதான் ஐயா, கோர்ட்டுக்குப் போனார்கள். வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு, அந்தக் கேஸ் கட்டு நகர்ந்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2019-இல் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர்கள் 27 பேர் சேர்ந்து ஒரு யோசனையைக் கிளப்பினார்கள். உலகத்தைச் சூடாக்கும் நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை, தவறினால் என்ன விளைவு? இதைச் சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டுவிட்டால் என்ன? வனுவாட்டு அரசு அதைப் பிடித்துக்கொண்டது. மூன்று லட்சத்துச் சொச்சம் ஜனம் உள்ள நாடு. நாடு நாடாகப் பேசி ஆதரவு திரட்டினார்கள். 2023 மார்ச்சில் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் சில நாள் இடைவெளியில் அவர்களைப் புரட்டிப் போட்டன. அதே மார்ச் 29-ஆம் தேதி ஐ.நா. பொதுச்சபையில் கோர்ட்டிடம் கருத்துக் கேட்கும் தீர்மானம் ஓட்டெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. சேர்ந்து முன்மொழிந்த நாடுகள் மட்டும் 130-க்கு மேல்!

2024 டிசம்பரில், அந்தச் சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரில் வாதம். அமெரிக்கா, சவுதி அரேபியா போன்றவர்கள் சொன்னதன் சாரம்: பருவநிலைக்கென்று ஏற்கெனவே பாரிஸ் ஒப்பந்தம் முதலானவை இருக்கின்றன, கோர்ட் அதைத் தாண்ட வேண்டாம். நம் இந்தியாவும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் நின்றது. நூறு வருஷமாகப் புகை விட்டவன் முதலில் கணக்கைத் தீர்க்கட்டும் என்ற நம் வாதம் நியாயமானதுதான். ஆனாலும் தீவுக்காரர்களுக்கு எதிர்ப்பக்கம் நம்மைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி: அந்தத் தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாதாமே? (தேனி வாசகி)

பதில்: கட்டுப்படுத்தாது. அது ஆலோசனைக் கருத்துதான். ஆனால் 2025 ஜூலை 23 அன்று அதை நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். நிலக்கரி, பெட்ரோல் போன்ற புதைபடிவ எரிபொருளுக்கு உரிமம் கொடுப்பது, மானியம் கொடுப்பது, இவைகூடச் சர்வதேசச் சட்டப்படி தவறான செயலாகலாம். பாதிப்புக்கும் தவறுக்கும் தொடர்பைக் காட்டினால் இழப்பீடும் கேட்கலாம் என்றார்கள். நாளைக்கு எந்த நாட்டுக் கோர்ட்டிலும் ஒரு வக்கீல் இதை எடுத்து நீட்டுவார். ஜட்ஜ் ஒதுக்கலாம், படிக்காமல் ஒதுக்க முடியாது.

கேள்வி: கடல் ஏறுகிறது என்றால் பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்கள் வேறு நாட்டுக்குப் போய்விடலாமே? சில ஆயிரம் பேர்தானே? (சேலம் வாசகர்)

பதில்: போகிறார்கள். ஆஸ்திரேலியாவுடன் போட்ட ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-இல் முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தோடு பெயர் கொடுத்தவர்களைக் கூட்டினால் நாட்டில் பாதிக்கு மேல் வருகிறது. வீட்டு வாசலில் அலை வந்து நிற்கும் வரை யாரும் காத்திருக்கவில்லை. புலாகா என்று நம் சேப்பங்கிழங்குக்கு உறவான ஒரு கிழங்கு அவர்களுக்கு முக்கியம். நிலத்தடி நன்னீர் தொடும் அளவுக்குக் குழி தோண்டி வளர்ப்பார்கள். அந்தக் குழிகளில் உப்பு ஏறிவிட்டது.

அப்புறம், எல்லாரும் கிளம்பிவிட்டால் நாடு யாருடையது? துவாலுவின் நிலம் 26 சதுர கிலோமீட்டர்தான். அதைச் சுற்றி அதற்கு உரிமையுள்ள கடல் ஏழு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் பணம்தான் அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். நிலம் போனால் கடலும் போகுமா என்பது அவர்களின் பெரிய பயம். கடல் மட்டம் உயர்ந்தாலும் ஏற்கெனவே முறைப்படி குறித்த எல்லைக் கோட்டை மாற்றத் தேவையில்லை, நிலம் போனதாலேயே ஒரு நாடு நாடாக இல்லாமல் போய்விட வேண்டியதில்லை என்று ஹேக் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இழப்பீட்டைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள். குமாஸ்தா கண்ணுக்கு இந்தப் பட்டா விவகாரம்தான் பெரிது.

கேள்வி: மாலத்தீவு அமைச்சர்கள் கடலுக்கடியில் கூட்டம் போட்டது வெறும் நாடகம்தானே? (காரைக்கால் வாசகர்)

பதில்: நாடகம்தான். 1987-இல் அவர்களுடைய அதிபர் கயூம் ஐ.நா.வில் நாகரிகமாக நின்று, எங்கள் நாடு மூழ்கிவிடும் என்று பேசினார். அது எத்தனை பேருக்குத் தெரியும்? 2009 அக்டோபரில் அப்போதைய அதிபர் நஷீத் முக்குளிப்பு உடையில் தண்ணீருக்குள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அதைப் பற்றி இன்றைக்கும் நீங்கள் கேட்கிறீர்கள்.