டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரியவில்லை, அப்புறம் எதற்கு சிடி?

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி-யால் வந்த சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது). ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அல்ட்ராசவுண்டில் இந்த முறை 14 மில்லிமீட்டரில் ஒரு சின்னக் கட்டி தெரிகிறது. கலர் டாப்ளரில் அதற்குள் ரத்த ஓட்டம் இல்லையாம். கல்லீரல் புற்றுநோய் இருந்தால் ஏறக்கூடிய ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் நார்மல். இருந்தும் கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தத்தில் ஏற்றி, வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை படம் பிடிக்கும் 'மூன்று கட்ட' சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். தேவையா?

பதில்: தேவைதான். இவ்வளவு சின்னக் கட்டிக்குள் ஓடும் ரத்தம் மிக மெல்லிய குழாய்களில் மெதுவாகப் போகும். அப்பா மூச்சு விடும்போது கல்லீரலும் சேர்ந்து அசையும். இதில் டாப்ளர் அதைத் தவறவிடுவது சகஜம். ஏஎஃப்பி-யும் ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு ஏறுவதே இல்லை.

சிடி பார்ப்பது வேறு விஷயம். கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது: சுமார் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதி கல்லீரல் தமனி வழியாக. கல்லீரல் புற்றுநோய் வளர வளர போர்ட்டல் ரத்தத்தை இழந்து, தனக்கென்று புதிய தமனிகளை உண்டாக்கிக்கொள்ளும். அதனால் மருந்து ஏற்றி ஏறக்குறைய 35 வினாடியில், தமனி ரத்தம் கல்லீரலை நிரப்பும் நேரத்தில், கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். ஒரு நிமிடத்துக்குப் பிறகு கல்லீரல் முழுக்க மருந்து பரவும்போது அதே கட்டி சுற்றியுள்ள பகுதியைவிட மங்கிவிடும். இதை 'வாஷவுட்' என்பார்கள். முதல் படத்தைச் சில வினாடி முந்தியோ பிந்தியோ எடுத்தால் கட்டி கண்ணில் படாமலே போகலாம். மருந்து ஏற்றிச் சும்மா ஒரே ஒரு படம் எடுத்து வராதீர்கள் என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

சிரோசிஸ் உள்ளவரிடம் 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி முதலில் பளிச்சிடுவது, பிறகு மங்குவது என்ற இரண்டையும் தெளிவாகக் காட்டினால், பெரும்பாலும் பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) இல்லாமலே புற்றுநோய் என்று முடிவு செய்து சிகிச்சைக்குப் போகலாம். மற்ற பெரும்பாலான உறுப்புகளில் இப்படி ஸ்கேனை மட்டும் நம்பி முடிவெடுப்பது அபூர்வம்.

பளிச்சென்று தெரிந்ததெல்லாம் புற்றுநோயும் இல்லை. சிரோசிஸ் கல்லீரலில் தமனி ரத்தம் குறுக்கு வழியாகச் சிரைக்குள் பாயும் இடங்கள் உண்டு. அவையும் முதல் படத்தில் மின்னும். ஆனால் பெரும்பாலும் ஓரத்தில் ஆப்பு வடிவில் இருக்கும், பிறகு மங்காது. இதற்கு நேர்மாறாக, மிக ஆரம்பக் கட்டப் புற்றுநோய் புதிய தமனிகள் உருவாகும் முன்பே இருந்தால் மின்னவே மின்னாது. அங்கே கல்லீரல் செல்கள் உறிஞ்சும் மருந்தைக் கொடுத்து, சுமார் 20 நிமிடம் கழித்து எடுக்கும் எம்ஆர்ஐ படம் உதவும்.

சிடிக்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம், அதனால் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நுண்குமிழி மருந்து செலுத்தி எடுக்கும் அல்ட்ராசவுண்டும் ஒரு வழி. அந்தக் குமிழிகளின் வாயு மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமையில்லை. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கட்டியைத்தான் உற்றுப் பார்க்க முடியும். கல்லீரல் முழுவதையும் அலச அது போதாது.

சிடி முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தால் எம்ஆர்ஐ, அல்லது மூன்று மாதம் போல் கழித்து மறுபடி ஸ்கேன், சில சமயம் பயாப்ஸி. ஆறு மாதத்துக்குள் கட்டி பாதிக்கு மேல் பெரிதானால் அதுவே பெரிய தடயம். போகும்போது பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது.