ரொட்ரிகோ கிடார்க்காரர் இல்லை

கேள்வி: கண் தெரியாத ஸ்பானிய கிடார் மேதை ஹோவாக்கின் ரொட்ரிகோவின் 'கான்சியெர்தோ தெ அராங்ஹுவெஸ்' என்ற, கிடாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான இசையைக் கேட்டேன். நடுப்பகுதியில் கண் கலங்கிவிட்டது. இருட்டிலேயே வாழ்ந்தவரால்தான் இப்படி ஒரு சோகத்தைத் தர முடியும், இல்லையா? அவருடைய படைப்புகளில் வேறு எதைக் கேட்கலாம்? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: உங்கள் கண் கலங்கியதில் எனக்கு ஆட்சேபமில்லை. மற்றதில் இருக்கிறது.

ரொட்ரிகோ கிடார் கலைஞரே இல்லை. பியானோ வாசிப்பவர். 'இதை எழுதியவர் கிடாரைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்' என்று விரல் நோகும் கிடார் கலைஞர்கள் இன்றும் முனகும் அளவுக்குச் சில ஓட்டங்களை எழுதி வைத்திருக்கிறார்.

வாலென்சியாவுக்குப் பக்கத்தில் சகுந்தோ என்ற ஊரில் 1901இல் பிறந்தார். மூன்று வயதில் தொண்டை அடைப்பான் நோய் வந்து பார்வை போனது. அதனால்தான் இசைப் பக்கம் வந்தேன் என்று அவரே சொன்னதுண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் இசைக்கு வந்த காரணம் வேறு, இசையில் இருப்பது வேறு. பாரிஸில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பால் டியூக்காவிடம் ஐந்து வருடம் உட்கார்ந்து கற்றதை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் பேசினால், உழைப்புக்கு உரிய பெயரை நோய்க்குக் கொடுத்தது போல ஆகிவிடும். எழுதும் முறையே பெரிய வேலை. பிரெய்லில் எழுதுவார், பிறகு சுரம் சுரமாகச் சொல்லச் சொல்ல ஒருவர் சாதாரண இசைக்குறிப்பாக எழுத வேண்டும். மனைவி விக்தோரியா காமி இஸ்தான்புல்லில் பிறந்த பியானோ கலைஞர். சரிபார்க்கும் வேலையில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அந்தச் சோகம்? நடுப்பகுதி, 1937இல் குண்டு வீசி அழிக்கப்பட்ட ஸ்பெயினின் குவெர்னிகா நகருக்கான ஒப்பாரி என்று ரொம்ப நாள் ஒரு கதை உலவியது. விக்தோரியா தம் நினைவுக் குறிப்பில் வேறு சொன்னார்: அராங்ஹுவெஸ் தோட்டங்களில் கழித்த தேனிலவு நாட்களின் நினைவும், முதல் கர்ப்பம் கலைந்துபோன துயரமும்தான் அது. கணவனும் மனைவியுமாகப் பட்ட துக்கம். இருட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போதாததற்கு, முதல் பகுதியும் மூன்றாம் பகுதியும் உற்சாகமாகத் துள்ளுகின்றன. அவற்றை எழுதியவரும் அதே பார்வையற்ற மனிதர்தான். மாட்ரிட்டுக்குத் தெற்கே உள்ள அந்த அரண்மனைத் தோட்டத்தின் மாக்னோலியா வாசம், பறவைச் சத்தம், நீரூற்று ஆகியவற்றைத்தான் இசையில் பிடிக்கப் பார்த்ததாகச் சொன்னார். மூன்றையும் அறியக் கண் தேவையில்லை.

நீங்கள் வியக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கிடார் சத்தம் குறைந்த வாத்தியம். ஐம்பது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் அதை உட்கார வைத்தால் யார் காதிலும் விழாது. மைக்கை நம்பி எழுதக்கூடிய காலமும் இல்லை. இது பாரிஸில் 1939இல் எழுதப்பட்டது. ரொட்ரிகோ ஆர்கெஸ்ட்ராவைச் சிறியதாக வைத்துக்கொண்டு, கிடார் பேசும்போது மற்றவர்களை ஒதுங்க வைத்தார். முழுக் கூட்டமும் எழும் இடங்களில் கிடார் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்கிறது. நீங்கள் அழுத இடத்தை மறுபடி கேளுங்கள். ராகத்தை முதலில் பாடுவது கிடார் அல்ல, ஓபோவின் அக்காவான 'கோர் ஆங்லே' என்ற ஊதுகுழல். கிடார் பின்னால் மெதுவாகத் தந்திகளை வருடிக்கொண்டிருக்கும். அப்புறம் அதே ராகத்தை வாங்கி, இழைத்து இழைத்துத் திருப்பிக் கொடுக்கும். உங்களைக் கலங்க வைத்தது இந்த ஏற்பாடு.

1940 நவம்பரில் பார்சிலோனாவில் கிடார் கலைஞர் ரெஹீனோ சாய்ன்ஸ் தெ லா மாசா முதன்முதலாக இதை வாசித்தார். பெயர் உலகமெங்கும் பரவியது. 1991இல் ஸ்பெயின் மன்னர் 'அராங்ஹுவெஸ் தோட்டங்களின் மார்க்கி' என்று பட்டமே கொடுத்துவிட்டார். 1999இல் இறந்தபோது அடக்கம் செய்ததும் அராங்ஹுவெஸில்தான். ஒரே ஒரு படைப்பு மனிதரின் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்று எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பியானோவுக்கு, செல்லோவுக்கு, குரலுக்கு என்று நிறைய எழுதியவர் அவர்.

அடுத்து, ஸ்பானிய கிடார் கலைஞர் செகோவியாவுக்காக 1954இல் எழுதிய 'ஃபந்தாசியா பாரா உன் ஹெந்தில்ஓம்ப்ரே' கேளுங்கள். 17ஆம் நூற்றாண்டு கிடார் கலைஞர் காஸ்பர் சான்ஸின் சின்னச் சின்ன நடன மெட்டுகளை எடுத்து ஆர்கெஸ்ட்ராவோடு விளையாடியிருக்கிறார். கைக்குட்டை தேவைப்படாது.