சென்னையில் பழைய குடிநீர்க் குழாய்களை மாற்ற ஏன் இவ்வளவு செலவாகிறது? குழாய் அவ்வளவு விலையா?

குழாய் விலையும் ஏறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் பணத்தைப் பெரும்பாலும் தின்பது தெருதான். குடிநீர்க் குழாய் பதிக்கும் ஒப்பந்த வேலைகளில் தளப் பொறியாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-ல் வந்தது. குடிநீர் வாரியம் உருவானது 1978-ல். ஜார்ஜ் டவுன், ராயபுரம், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளில் வாரியம் பிறப்பதற்கு முன்பே பதித்த வார்ப்பிரும்புக் குழாய்கள் உண்டு. அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து உள்ளே பார்த்தால் மனசு பதறும். துரு கட்டி கட்டியாக வளர்ந்து, நாலு அங்குலக் குழாயில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். இணைப்புகளில் சணலைத் திணித்து ஈயம் காய்ச்சி ஊற்றியிருப்பார்கள். மேலே லாரி ஓடி ஓடி அந்த ஈயம் தளர்ந்துவிடும்.

சரி, தோண்டி மாற்றிவிட வேண்டியதுதானே? தோண்டினால்தான் உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியும். மின்சார கேபிள், தொலைபேசி கேபிள், இன்டர்நெட் கேபிள், மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை. வரைபடத்தில் ஒரு பக்கம் காட்டியிருக்கும், மண்ணுக்குள் வேறு பக்கம் போகும். அதனால் குறுகிய தெருவில் ஜேசிபியை இறக்க முடியாது, கடப்பாரைதான். போக்குவரத்துப் போலீஸ் இரவில் மட்டும் அனுமதி தந்தால், விடிவதற்குள் பள்ளத்தை மூடியாக வேண்டும். கடலோரப் பகுதி என்றால் பள்ளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே வேலை பார்க்கணும். இத்தனைக்கும் நடுவே பழைய லைனில் சப்ளை நிற்கக் கூடாது. அப்புறம் மாநகராட்சிக்கு ரோடு கட் கட்டணம், அதாவது சாலையை வெட்டுவதற்குக் கட்டும் பணம். இதுபோன்ற அரசுப் பணிகளுக்கான ஜிஎஸ்டியும் 2022-ல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. எஸ்டிமேட் போட்டு, நிதி ஒதுக்கி, டெண்டர் முடிவதற்குள் போட்ட விலையே பழசாகிவிடும்.

தோண்டாமல் குழாய்க்குள் குழாய் செருகும் முறைகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும் பெரிய குழாய்க்கு நல்ல வழி. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில், ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் எப்படியும் பள்ளம் எடுத்தாக வேண்டும். மிச்சம் பெரிதாக வராது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் அந்த வீட்டு இணைப்புதான். செலவைக் குறைக்க மெயின் லைனை மட்டும் புதிதாகப் போட்டு, வீட்டுக்குப் போகும் பழைய துருப்பிடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அப்படியே கோத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் பல தெருக்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் விழும். அந்த நேரத்தில் யாராவது லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால், பக்கத்தில் தேங்கியிருக்கும் சாக்கடை நீர் அந்தத் துரு ஓட்டை வழியாக உள்ளே போகும். அடுத்த முறை தண்ணீர் வரும்போது முதல் குடத்திலேயே நாற்றம் அடிக்கும். கோடிக்கணக்கில் செலவழித்தும் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால், அது மிச்சம் பிடித்ததாகாது.

ஆகவே செலவைக் குறைக்க வேண்டிய இடம் வேறு. மாநகராட்சி ஒரு சாலையைப் புதிதாகப் போடும் முன்பே, அதற்கடியில் உள்ள குழாயின் வயதைப் பார்த்து, மாற்ற வேண்டியதை அப்போதே மாற்றிவிட வேண்டும். புதுத் தார் காய்வதற்குள் வெட்டினால் ஒரே சாலைக்கு நாம் இரண்டு தடவை பணம் கட்டுகிறோம்.

உங்கள் தெருவில் வேலை நடந்தால், மெயினிலிருந்து உங்கள் சம்ப் (நிலத்தடித் தொட்டி) வரை முழு இணைப்பும் மாற்றப்படுகிறதா என்று பள்ளம் திறந்திருக்கும்போதே கேளுங்கள். பழைய லைனைத் துண்டித்து முனையை அடைத்தார்களா என்பதையும் பாருங்கள். அடைக்காமல் விட்டால் அது மண்ணுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். மூடிய பிறகு எந்த இடம் என்று கண்டுபிடிக்க மறுபடியும் தோண்ட வேண்டியதுதான்.