பன்றி முடியை வரிசைப்படுத்துவது பற்றி

தம்பி, காட்டுப்பன்றி முடியில் பெயின்ட் பிரஷ் கட்ட ஆரம்பித்து, வேரும் நுனியும் கலந்துபோய்க் கையால் திருப்பியே நாள் போகிறது, அதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கேமரா, சென்சார் எல்லாம் வேண்டாம். ஒரே ஒரு முடியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில், அதன் நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்துப் பாருங்கள், அது தானாகவே வேர்ப்பக்கமாக நகரும், ஏனென்றால் முடியின் மேல் உள்ள செதில்கள் எல்லாம் நுனியைப் பார்த்துத்தான் படிந்திருக்கும்.

இங்கே சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக் கொட்டகையில் இதை வைத்தே ஒன்று செய்தேன். இரண்டு பலகை, இரண்டிலும் பழைய மோட்டார் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினேன். கீழ்ப்பலகை அசையாது, மேல்பலகை மட்டும் சின்ன மோட்டாரில் கொஞ்ச தூரம் போய் வரும். முடியைப் பலகை ஓடும் திசையிலேயே மெல்லிசாகப் பரப்பினால், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம் என்று வேர் முன்னாலே வெளியே வரும். அப்புறம் ஒரு பக்கம் வந்த முடியை அப்படியே திருப்பி மற்றதோடு சேர்த்தால் போதும்.

முதல் தடவை எனக்கு ஒன்றும் நகரவில்லை, கொழுப்புப் பிசுக்கு! சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசிக் காய வையுங்கள், பலகையையும் ரொம்ப அழுத்தாதீர்கள்.

நீளம் பிரிக்க மெஷின் தேவையில்லை. வேர்ப்பக்கத்தைக் கண்ணாடி மேல் தட்டிச் சமன் செய்து, மேலே நீட்டிக்கொண்டிருப்பதை முதலில் உருவுங்கள். பிளந்த நுனியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், பெயின்டைப் பிடித்து வைப்பதே அதுதான்.