எல்ஜேஎன் கேம்ஸ் ஏன் அவ்ளோ மொக்கையா இருந்துச்சு?

எல்ஜேஎன்-ங்கிறது 1970-ல அமெரிக்கால ஆரம்பிச்ச பொம்மை கம்பெனி, 80-கள் கடைசில நின்டெண்டோ வீடியோ கேம் மெஷினுக்கு லைசென்ஸ் கேம் வெளியிட இறங்கிட்டாங்க, அதாவது ஹிட் படத்தோட பேரை காசு குடுத்து வாங்கி அதை வெச்சு கேம் போடுறது. பேரைப் பார்த்தே பசங்க வாங்கிடுவாங்கங்கிறப்போ உள்ள யாரு மெனக்கெடுவா? அட்டையில ஹீரோ படம் போட்ட நோட்டு மாதிரிதான், எழுதிப் பார்த்தா தாள்ல மை ஊறும். பேக் டு தி ஃபியூச்சர் படத்தை வெச்சுப் போட்ட கேம்ல ஹீரோ மார்ட்டி தெருத்தெருவா கடிகாரம் பொறுக்கிட்டே போவான், படத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தமோ! 1990-ல அக்லெய்ம்ங்கிற கேம் கம்பெனி எல்ஜேஎன்னை வாங்கிடுச்சு, 90-கள் நடுவுல கதை முடிஞ்சுது.

எல்ஜேஎன்னே உக்காந்து கேம் செஞ்சாங்கன்னு நிறைய பேரு திட்டுறாங்க, ஆனா அவங்க வெளியிட்டவங்க மட்டும்தான், இந்த கடிகார கேமை செஞ்சது ஆஸ்திரேலியாவோட பீம் சாஃப்ட்வேர்.