எல்லோருக்கும் ஓட்டு இருக்கும்போது, அமெரிக்கப் பள்ளி வாரியத் தேர்தலில் இனப் பாகுபாடு எப்படி நுழைகிறது?

நான் மிசௌரியில், செயின்ட் லூயிஸ் புறநகர் ஒன்றில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கிய வருடம் நவம்பரில் அதிபர் தேர்தலுக்கு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு, ஊருக்குப் படமெல்லாம் அனுப்பினேன். அடுத்த ஏப்ரலில், உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது: ஓட்டு இருந்தும் தேர்தல் நடப்பதே தெரிவதில்லை.

மீதிக்கு, பக்கத்திலுள்ள ஃபெர்குசன்-ஃப்ளோரிசன்ட் பள்ளி மாவட்டத்தை (ஒரு பள்ளி வாரியத்தின் எல்லை) பாருங்கள். மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் கறுப்பினப் பிள்ளைகள். ஓட்டுப் போடும் வயதுள்ளவர்களில் கறுப்பினத்தவர் சுமார் பாதிதான். வாரியத்தில் 7 பேர். வார்டு கிடையாது, மாவட்டம் முழுக்க ஒரே தொகுதி. பழைய முறையில், 3 இடம் காலியென்றால் ஆளுக்கு 3 ஓட்டு, ஒரு வேட்பாளருக்கு ஒன்றுதான் போடலாம். இனவாரியாகப் பிரிந்து 51 சதவீதம் பேர் சேர்ந்து ஒரே மூவருக்குப் போட்டால் மூன்று இடமும் அவர்களுக்கே. மற்ற 49 சதவீதத்துக்குப் பூஜ்யம். அந்த 51 சதவீதத்தின் ஓட்டுச் சிதறினால்கூட, ஒரே ஒருவரையாவது உள்ளே அனுப்ப, இவர்கள் தங்கள் ஆளுக்கு ஒரு ஓட்டைப் போட்டுவிட்டு மிச்ச இரண்டையும் போடாமலே விட வேண்டும். இது என்ன கூத்து!

2013 நவம்பரில் கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட இல்லாத வாரியம், பள்ளி மாவட்டத்தின் முதல் கறுப்பினத் தலைமை அதிகாரியான ஆர்ட் மெக்காயை இடைநீக்கம் செய்தது. பெற்றோர் கொதித்தார்கள். அடுத்த ஏப்ரலில் கறுப்பின வேட்பாளர் மூவர் சேர்ந்து நின்றார்கள், ஒருவர்தான் ஜெயித்தார். கோபம் இருந்தது, அதை வாரியத்துக்கு உறைக்க வைக்கும் வழிதான் இல்லை.

2014 டிசம்பரில் கறுப்பினத்தவர் தரப்பில் வழக்குப் போட்டார்கள். ஓட்டில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் வாக்குரிமைச் சட்டத்தின் 2ஆம் பிரிவில், அப்போது கெட்ட எண்ணத்தை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை, விளைவைக் காட்டினால் போதுமாக இருந்தது. 2016இல் நீதிபதி ராட்னி சிப்பல் அந்தத் தேர்தல் முறை சட்டத்துக்குப் புறம்பு என்றார். வார்டு பிரிப்பதற்குப் பதில், 3 ஓட்டையும் ஒருவருக்கே குவித்துப் போடலாம் என்று மாற்றினார். இப்போது கால் பங்குக்குச் சற்று மேலே ஆதரவு இருந்தால் ஓர் இடம் நிச்சயம். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று கோடு கிழிக்க வேண்டியதில்லை.

மேல்முறையீடெல்லாம் முடிந்து 2019இல்தான் இந்த முறையில் முதல் தேர்தல் நடந்தது. அதுவும் ஏப்ரலில்தான்.