பன்னிரண்டு வயதுப் பெண் டம்பெல் தூக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மூன்று வருடமாகக் கூடைப்பந்து ஆடுகிறாள். புதிதாக வந்திருக்கும் கோச் வாரம் இரண்டு நாள் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்குவது), டம்பெல் என்று தனியாகப் பயிற்சி கொடுக்கிறார். வளரும் பிள்ளை வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடும், உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. சில மாதங்களாக அவள் ஆட்டத்தில் ஒரு தடுமாற்றம். தன் காலே தடுக்கி விழுகிறாள், சுலபமான ஷாட்டைக் கோட்டைவிடுகிறாள். பிராக்டிஸ் முடிந்ததும் முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்கிறாள். பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், கொஞ்சம் மாற்றினால் போதும். நீங்கள் இதை இரண்டு பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. உங்கள் மகள் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறாள். தடுமாற்றமும் முட்டி வலியும் அதிலிருந்து வருபவை. வீட்டில் பயப்படுகிற அந்தப் பயிற்சிதான் இரண்டுக்கும் மருந்து.

முதலில் பெரியவர்களின் பயம். அளவான எடைப் பயிற்சியால் உயரம் குறையும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு அடிபட்ட சம்பவங்கள் உண்டு. அவை பெரும்பாலும் பக்கத்தில் ஆள் இல்லாமல் தன்னால் முடிகிற உச்ச எடையைத் தூக்கிப் பார்த்தபோதும், தவறான முறையில் தூக்கியபோதும் நடந்தவை. உண்மையில் உங்கள் மகள் ரீபவுண்டுக்கு (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க) தாவி இறங்கும்போது அவள் எடையைப் போலச் சில மடங்கு விசை காலில் இறங்குகிறது. அதை ஒரு மேட்சில் எத்தனையோ முறை தாங்குகிறவளுக்கு இரண்டு கிலோ டம்பெல் ஒரு பொருட்டே இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சரியான மேற்பார்வையில் செய்யும் வலுப் பயிற்சியை ஆதரிக்கிறது. 5 முதல் 17 வயது வரையானவர்களுக்குத் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் செயல்கள் வாரத்தில் குறைந்தது 3 நாள் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

ஆம்பளை உடம்பு? தசை பருக்க டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நிறைய வேண்டும், அது பெண்களிடம் மிகக் குறைவு. இந்த வயதில் கூடுகிற வலு பெரும்பாலும் நரம்பு வழியாக வருவது. இருக்கிற தசையையே மூளை இன்னும் நன்றாக வேலை வாங்கப் பழகுகிறது. சட்டை அளவு மாறாமலேயே வலு கூடும்.

இனி விஷயத்துக்கு வருவோம். பெண்களுக்கு உயரம் மிக வேகமாகக் கூடும் கட்டம் ஏறத்தாழ 11, 12 வயதில் வருகிறது. பையன்களுக்கு அதற்கு இரண்டு வருடம் கழித்து. அந்த உச்சத்தில் ஒரு பெண் வருடத்துக்கு 8 செ.மீ. வரைகூட வளர்வாள். கையும் காலும் முதலில் நீளும், உடம்பு பின்னால் வந்து சேரும். உடம்பின் எடை மையம் மேலே போகிறது, தொடை எலும்பு நீள்கிறது. மூளையோ, போன வருட அளவை வைத்துத் துணி வெட்டுகிற தையல்காரர் மாதிரி, பழைய கணக்கிலேயே கால் எடுத்து வைக்கச் சொல்கிறது. அதனால்தான் நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஷாட் இன்று வளையத்தில் பட்டுத் திரும்புகிறது. அவள் சோம்பேறியாகிவிட்டாள், கவனம் சிதறுகிறது என்று இந்த நேரத்தில் திட்டுகிற கோச்சுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். நிறைய பெண்கள் விளையாட்டையே விட்டுவிடுவது இந்த வயதில்தான்.

பையன்களும் இப்படித் தடுமாறுவார்கள். ஆனால் அவர்களுக்கு அந்த வயதில் ஹார்மோன் புண்ணியத்தில் தசை வலுவும் தாவும் திறனும் தானாகவே ஏறிவிடும். பெண்களுக்கு உயரமும் எடையும் கூடுகிற அளவுக்கு வலு தானாகக் கூடுவதில்லை. அந்த இடைவெளியைப் பயிற்சியால்தான் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற தசைநார் ஆபத்தில் இருக்கிறது. கூடைப்பந்து, கால்பந்து போன்ற ஆட்டங்களில் அது கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே கிழிகிறது. தாவி இறங்கும்போது, ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போது, வேகத்தைத் திடீரென்று நிறுத்தும்போது. இந்த ஆபத்து ஏறுவது பூப்புக்குப் பிறகு, பதின்ம வயதின் நடுவில். ஆகவே 12 வயது என்பது தயாராக நல்ல நேரம். 'எந்த வயதில் தொடங்கலாம்' என்பதற்கும் இதுவே பதில். சொன்னதைக் கேட்டு, அப்படியே செய்து காட்டத் தெரிந்தால் 7, 8 வயதிலேயே ஆரம்பிக்கலாம். அதற்கு முன் ஓட்டம், நொண்டி, மரமேறுதல் எல்லாமே பயிற்சிதான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏறக்குறைய 30 செ.மீ. உயரமுள்ள, ஆடாத பெட்டியோ படியோ போதும். போனை அவளுக்கு நேர் எதிரே, முட்டி உயரத்தில் வையுங்கள். படம் எடுக்க அவள் சம்மதம் வேண்டும், அந்த வீடியோ எந்தக் குழுவுக்கும் போகக் கூடாது. படியிலிருந்து முன்னால் இறங்கி, இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தரையில் ஊன்றி, உடனே முடிந்த அளவு மேலே எம்பச் சொல்லுங்கள். அப்புறம் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கால் ஊன்றிய நொடியில் இரண்டு முட்டியும் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாய்கிறதா? ஒரு பாதம் முந்திக்கொள்கிறதா? கால் கம்பு மாதிரி விறைப்பாக இருந்து 'தொம்' என்று சத்தம் வருகிறதா? வளரும் பெண்களிடம் இவை சாதாரணமாகத் தென்படும். பார்த்ததும் பதற வேண்டாம். யாருக்குத் தசைநார் கிழியும் என்று இந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது. எதைத் திருத்த வேண்டும் என்றுதான் காட்டும்.

திருத்தும்போது 'முட்டியை உள்ளே விடாதே' என்று சொன்னால் அவள் முட்டியையே நினைத்துக்கொண்டு இன்னும் விறைப்பாவாள். 'சத்தமே வராமல் இறங்கு' என்று சொல்லிப் பாருங்கள். சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் முன்பாதத்தில் இறங்கி, முட்டியையும் இடுப்பையும் மடக்கித்தான் ஆக வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதி வலு. இடுப்பின் பக்கத் தசையும் பிட்டத் தசையும் தொடையின் பின்தசையும் பலவீனமாக இருந்தால் எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் களைப்பில் முட்டி உள்ளேதான் போகும்.

அதற்குத்தான் கோச்சின் பயிற்சி. தொடர்ச்சியாக வராத இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 20 முதல் 30 நிமிடம், அதுவும் பிராக்டிஸுக்கு முன்னால், உடம்பு புத்துணர்ச்சியோடு இருக்கும்போது. ஓடிக் களைத்த பிறகு புது அசைவைக் கற்றுக்கொடுப்பதில் பலன் குறைவு. ஸ்குவாட், ஒற்றைக் காலில் செய்பவை, தண்டால் (தரையில் முடியாவிட்டால் பெஞ்சில் கை ஊன்றி), ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுப்பது, பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது), நொண்டியடித்து இறங்கி மூன்று நொடி அசையாமல் நிற்பது. இவ்வளவே போதும். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு மூன்று செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

இவற்றோடு பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிற ஒன்றையும் சேருங்கள், இடுப்பிலிருந்து முன்னால் மடங்கும் அசைவு. ஒரு நீளக் கம்பை முதுகோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்தலை, மேல்முதுகு, முதுகெலும்பின் அடி என்று மூன்று இடத்தில் கம்பு தொட வேண்டும். முட்டியை லேசாகத் தளர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளி, மார்பை முன்னால் சாய்க்க வேண்டும். மூன்றில் ஓர் இடம் கம்பை விட்டு விலகினாலும் அங்கேயே நின்று திரும்பி வர வேண்டும். தொடையின் பின்னால் இழுவை தெரிந்தால் சரியாகச் செய்கிறாள் என்று அர்த்தம். தாவி இறங்கும்போது முட்டியைக் காப்பாற்றும் பின்தசை வேலை செய்யப் பழகுவது இப்படித்தான். எடையெல்லாம் இந்தக் கம்பு விலகாமல் நின்ற பிறகுதான்.

எடையைக் கூட்டுவதில் ஒரு கணக்குப் பிழை எல்லா இடத்திலும் நடக்கிறது. ஒரு தடவைக்கு 5 முதல் 10 சதவீதம் கூட்டுவது பொது விதி. 2 கிலோ டம்பெல்லிலிருந்து 3 கிலோவுக்குப் போனால் அது 50 சதவீதம். 'ஒரு கிலோதானே' என்று தோன்றும். அதனால் சின்ன எடைகளில் முதலில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அப்புறம் வேகத்தைக் குறைத்து மூன்று நொடி எடுத்து இறங்கச் சொல்லுங்கள். அதுவும் சுலபமாகிவிட்டால் முதுகுப் பையில் புத்தகங்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

ஒருங்கிணைப்புக்குத் தனி வகுப்பு தேவையில்லை, வார்ம்-அப்பே அதற்கான இடம். கால்பந்துக்காக உருவான ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 பெண்களிடம் அதைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அதைச் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், பெரிய காயங்கள் கிட்டத்தட்டப் பாதியும் குறைந்திருந்தன. 7 முதல் 13 வயது வரையானவர்களுக்கு அதன் குழந்தைகள் வடிவம் தனியாக இருக்கிறது. கூடைப்பந்து ஆடுகிற பெண்ணும் தாராளமாகச் செய்யலாம்.

முட்டி வலி. முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே, கீழ்க்காலின் முன் எலும்பின் மேல் முனையில் சின்னப் புடைப்பு இருந்து, அதை அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற நிலையாக இருக்கலாம். தொடையின் முன்தசை வந்து ஒட்டுகிற அந்த இடம் வளரும் வயதில் இன்னும் முழுதாக எலும்பாகி இருக்காது, ஒவ்வொரு தாவலிலும் அங்கே இழுபடும். இதற்கு முழு ஓய்வு தேவைப்படுவது அபூர்வம். தாவல்களின் எண்ணிக்கையைச் சில வாரம் குறையுங்கள். பத்துக்கு இரண்டு மூன்று என்கிற அளவில் வலி இருந்து, மறுநாள் காலைக்குள் போய்விட்டால் தொடரலாம். முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, இரவில் வலி எழுப்பினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். நொண்டி நடந்தால் காத்திருக்கவே வேண்டாம், அன்றே காட்டுங்கள். இந்த வயதில் இடுப்பு மூட்டில் உள்ள கோளாறுகூட முட்டி வலியாகத் தெரியலாம்.

தாவலை எப்போது குறைப்பது என்று தெரிய சுவரும் பென்சிலும் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலை நேரத்தில், செருப்பில்லாமல் அளந்து தேதியோடு குறியுங்கள். மூன்று மாதத்தில் 2 செ.மீ. கூடியிருந்தால் அவள் உச்ச வேகத்தில் இருக்கிறாள். அந்தக் காலத்தில் தாவலும் எடையும் கூடக் கூடாது, சமநிலையும் செய்முறைச் சுத்தமும்தான் பாடம்.

எலும்புக்கும் இதுவே முக்கியமான காலம். வளர்ந்த பெண்ணின் எலும்பில் உள்ள தாதுச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்த உச்ச வேகத்தை ஒட்டிய இரண்டு வருடத்தில்தான் சேர்கிறது. அதற்குச் சாப்பாடும் தூக்கமும் வேண்டும். 12 வயதுவரை 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம், அதன் பிறகு 8 முதல் 10. பசியோடு பயிற்சிக்கு அனுப்பாதீர்கள். புரோட்டீன் பவுடர் தேவையில்லை. எல்லோர் முன்னாலும் எடை பார்த்துக் குறை சொல்கிற வழக்கம் அந்தப் பயிற்சியிடத்தில் இருந்தால், டம்பெல்லைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும். சத்து போதாமல் உடல் இயக்கமே குறைந்துபோவதை 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தனிப் பிரச்சினையாகவே வரையறுத்தது. பெண்களிடம் அதன் முதல் அடையாளங்களில் ஒன்று மாதவிடாய் தவறுவது. தொடங்கிய பிறகு மூன்று மாதம் வராமல் போனாலோ, 15 வயதாகியும் தொடங்காவிட்டாலோ, 'விளையாடுகிற பெண்தானே' என்று விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இன்னொன்று, அம்மாவோ அக்காவோ கூச்சப்படாமல் பேச வேண்டியது: நன்றாகப் பொருந்துகிற ஸ்போர்ட்ஸ் பிரா. அது இல்லாத சங்கடத்தில் தாவுவதைத் தவிர்க்கிற பெண்களைக் கோச்சுகள் 'மந்தம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

மொத்த நேரத்தையும் பாருங்கள். ஒரு வாரத்தில் பயிற்சியும் மேட்சும் சேர்ந்து அவள் வயது எண்ணிக்கை மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. உங்கள் மகளுக்கு 12. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு.

கடைசியாக, ஒரு நாள் அந்தப் பயிற்சி நடக்கும்போது ஓரமாக நின்று பாருங்கள். ஒரே வகுப்பில் படிக்கிற 12 வயதுப் பெண்களில் ஒருத்தி வளர்ந்து முடிக்கப் போகிறவளாகவும் இன்னொருத்தி வளரவே ஆரம்பிக்காதவளாகவும் இருக்கலாம். கோச் எல்லோர் கையிலும் ஒரே டம்பெல்லைக் கொடுத்து ஒரே எண்ணிக்கையைச் சொல்கிறாரா, ஒவ்வொருத்தியின் முட்டியையும் முதுகையும் பார்த்து எடையை மாற்றுகிறாரா என்று கவனியுங்கள். முதல் வகை என்றால் தனியாகப் போய்ப் பேசுங்கள், முட்டி வலியையும் சொல்லுங்கள். இரண்டாம் வகை என்றால் வீட்டுப் பெரியவர்களையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.